அப்பா வண்டிக்கு எந்த இன்ஜின்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸாப் குழுவில் ஒரு வாரமாக ஒரே பேச்சு. என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு பிள்ளை, இப்போது சென்னையில் வேலை பார்க்கிறான். பெயர் வேண்டாம், குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவன் அப்பா வைத்திருந்த 1997 மாருதி 800 திருவண்ணாமலை சாலையில் கொதித்து நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டு வந்து பார்த்ததில் "இன்ஜின் போச்சு" என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா இப்போது இல்லை. வண்டியை விற்க அவனுக்கு மனம் வரவில்லை. "மாற்று இன்ஜின் எது போடலாம்?" என்று கேட்டான். கேட்டதுதான் தாமதம், நாற்பது பேர் நாற்பது இன்ஜின் சொல்லிவிட்டார்கள். ஜென் இன்ஜின் என்கிறார் ஒருவர். ஆல்ட்டோ கே10 என்கிறார் இன்னொருவர். எஸ்டீம் இன்ஜின் போட்டால் பறக்கும் என்று ஒரு தம்பி நெருப்புப் படம் போட்டிருக்கிறான். துபாயிலிருந்து ஒருவர், ஜப்பானிலிருந்தே இறக்கலாம் என்கிறார். "டீச்சர், நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னையும் இழுத்துவிட்டார்கள். "டீச்சருக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும்?" என்று ஒருவர் கேட்டதையும் பார்த்தேன். உருளையின் கன அளவு உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது, கண்ணு?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வண்டிக்கு நல்ல மாற்று இன்ஜின், அதில் இப்போது இருக்கும் இன்ஜின்தான். அதைப் பிரித்து வேலை பார்த்து அதையே மாட்ட வேண்டும். அப்படி முடியாத அளவுக்கு உடைந்திருந்தால், அதே ரக இன்ஜின் இன்னொன்றைக் காகிதத்தோடு வாங்கிப் போட வேண்டும். அதைத் தாண்டிப் போக வேண்டாம்.

குழுவில் ஒருவர் "இது என்ன கிளாசிக் காரா?" என்று கிண்டல் செய்திருந்தார். ஆமாம், கிளாசிக்தான். வெளிநாட்டில் பழைய ஜப்பான் கார் என்றால் டாட்சன் 240இசட் என்பார்கள், பழைய கொரோலா என்பார்கள். நமக்கு வாய்த்த ஜப்பான் கார் இதுதான். சுசூகி ஆல்ட்டோவின் உருவம், சுசூகியின் இன்ஜின், குர்கானில் தயாரிப்பு. 1983 டிசம்பர் 14ஆம் தேதி பிரதமர் இந்திரா காந்தி கையால் முதல் வண்டியின் சாவி கொடுக்கப்பட்டது. 1986இல் உருவம் மாறியது. நாமெல்லாம் மாருதி என்று மனத்தில் வைத்திருப்பது அந்த இரண்டாவது உருவத்தைத்தான். 2014 ஜனவரியில் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். முப்பது வருடம் ஓடிய ஒரு காரைக் கிளாசிக் என்று சொல்ல யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

அதன் இன்ஜினுக்கு எஃப்8பி என்று பெயர். மூன்று சிலிண்டர். ஒவ்வொன்றின் விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72 மில்லிமீட்டர். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது நோட்டை எடுங்கள். ஆரத்தின் வர்க்கம் பெருக்கல் பை, பெருக்கல் உயரம், பெருக்கல் மூன்று. 796 கன சென்டிமீட்டர் வரும். 800 என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். சிலிண்டர் தேய்ந்தால் லேத் பட்டறையில் ரீபோர் செய்து அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடுவார்கள். விட்டம் 69 ஆகும். மறுபடி கணக்குப் போட்டால் ஏறக்குறைய 808. வேறு இன்ஜினே போடாமல் 12 சிசி கூடுதல்! பெரிய இன்ஜின் கேட்கும் தம்பிகள் இதோடு திருப்தி அடையலாம்.

சிரிப்பு இருக்கட்டும். என் முதல் வருத்தம் என்னவென்றால், இன்ஜினுக்கு என்ன ஆனது என்று யாருமே கேட்கவில்லை. "இன்ஜின் போச்சு" என்பது நோயின் பெயர் அல்ல. வயிறு வலிக்கிறது என்று வந்தவனுக்கு எந்த ஆஸ்பத்திரியில் வயிற்றை மாற்றலாம் என்று யோசனை சொல்வது போல இருக்கிறது. வண்டி கொதித்து நின்றது என்கிறான். ஆயில் குச்சியை உருவிப் பார்த்ததில் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்ததாம். அப்படியென்றால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். இந்த இன்ஜினின் ஹெட் அலுமினியம். அதிகம் சூடானால் அலுமினியம் வளைந்துவிடும். வளைந்த ஹெட்டை இயந்திரத்தில் வைத்துச் சமமாகச் சீவிக் கொடுக்கிறார்கள். புது கேஸ்கெட் போட்டு இறுக்கினால் பல வண்டிகள் அதற்குமேல் வருடக்கணக்கில் ஓடுகின்றன. ஹெட்டில் விரிசல் விட்டிருந்தால் ஹெட்டை மட்டும் மாற்றலாம். ஏன் கொதித்தது என்றும் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் அடைப்பா, காற்றாடி சுற்றவில்லையா, வாட்டர் பம்ப் ஒழுகலா? அதைச் சரி செய்யாமல் எந்த இன்ஜினைப் போட்டாலும் அதே சாலையில் அதே இடத்தில் கொதிக்கும்.

புகை தள்ளுகிற வண்டியாக இருந்தால் வேறு சோதனை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அது கார்புரேட்டர் வேலை. வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் பார்க்கும் கேஜ் இருக்கும். மூன்று சிலிண்டரிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் குறைவாகக் காட்டினால், பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையென்றால் வால்வு அல்லது கேஸ்கெட். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமலே ஒரு இன்ஜினுக்குச் சாவுச் சான்றிதழ் எழுதுகிறார்கள்.

ஏன் எழுதுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்டியைப் பார்த்த மெக்கானிக்கும் என் மாணவன்தான். நல்ல கைக்காரன். அவனிடமே நேரில் போய்க் கேட்டேன். "டீச்சர், மாத்தினா ரெண்டு நாள் வேலை. பிரிச்சா பத்து நாள். போரிங் பண்ண, ஹெட் சீவ, கிராங்க் அரைக்க ஆள் தேடி நான் திண்டிவனம், விழுப்புரம்னு அலையணும். அந்தப் பத்து நாளும் ஷெட்ல இடத்தை அடைச்சுக்கிட்டு வண்டி நிக்கும்" என்றான். அவன் சொல்வது நியாயம்தான். பழைய பட்டறைக்காரர்கள் வயதாகி மூடுகிறார்கள், பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வருவதில்லை. ஆனால் அவன் சௌகரியம் வேறு, வண்டியின் தேவை வேறு. அந்தப் பத்து நாளுக்கு ஷெட் வாடகை என்று தனியாக ஒரு தொகை பேசிக் கொடுத்துவிடுங்கள் என்று நம் பிள்ளையிடம் சொன்னேன். கூலியைக் குறைத்துப் பேசி வேலையை மட்டும் முழுதாக எதிர்பார்ப்பது நம் பக்கத்துக் கெட்ட பழக்கம்.

இனி அந்த நாற்பது யோசனைகளுக்கு வருகிறேன்.

ஜென் இன்ஜின் 993 சிசி, நான்கு சிலிண்டர், ஏறக்குறைய 50 குதிரைத்திறன். எஸ்டீம் 1.3 லிட்டர், 65. ஆல்ட்டோ கே10இல் வருவது 998 சிசி, அதுவும் 65க்கு மேல். நம் 800க்கு 40ஐத் தொட்டும் தொடாமலும் இருக்கும். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. எல்லாம் சுசூகி குடும்பம், ஒன்று இன்னொன்றில் உட்காரும் என்கிறார்கள். கார் பந்தயப் பிரியர்கள் உட்கார வைத்தும் இருக்கிறார்கள். ஆனால் அந்த 800, ஆள் ஏறாமல் 650 கிலோ அளவுள்ள சின்னக் கூடு. 12 அங்குலச் சக்கரம். அதன் பிரேக், சஸ்பென்ஷன், கியர் பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் அந்த 40 குதிரைக்கு அளவெடுத்துத் தைத்தவை. ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் இயக்க ஆற்றல் படித்தீர்கள். வேகம் வர்க்கத்தில் வரும். 60 கிலோமீட்டரில் போகிற வண்டி 90இல் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான், ஆனால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. இன்ஜின் மாற்றச் சொன்னவர்களில் ஒருவராவது பிரேக்கைப் பற்றி எழுதினாரா? நானும் மேலே கீழே தள்ளிப் பார்த்துவிட்டேன், இல்லை. அந்த வண்டியின் பின் சீட்டில் உட்காரப்போவது அவனுடைய இரண்டு பெண் குழந்தைகள்.

"அம்பாசடருக்கு இசுசு இன்ஜின் போடலையா டீச்சர்?" என்று ஒருவர் மடக்கியிருந்தார். நல்ல கேள்வி. அம்பாசடரில் நெடுங்காலம் ஓடியது 1489 சிசி பிரிட்டிஷ் இன்ஜின். 90களின் தொடக்கத்தில் அதற்கு 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் வந்தது. அதற்கு முன்பே கான்டெஸாவில், பிரிட்டிஷ் வாக்ஸால் உடலுக்குள் அதே 1.8 இசுசு இன்ஜினைப் போட்டு நன்றாக ஓட்டினார்கள். ஆனால் அதைச் செய்தது யார்? வண்டியைத் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே செய்தது. இன்ஜினை மட்டும் தூக்கி வைக்கவில்லை, ஐந்து கியர் உள்ள பாக்ஸும் சேர்ந்து வந்தது. ஆர்.சி. புத்தகத்திலேயே அந்த இன்ஜின் பதிவாகி வந்தது. ரோட்டோரப் பட்டறைகளில் அம்பாசடருக்குக் கிடைத்த டீசல் இன்ஜினையெல்லாம் மாட்டி ஓட்டிய காலமும் உண்டு, மறுக்கவில்லை. அந்த வண்டியின் இரும்பு கனம் எவ்வளவு, நம் 800இன் தகரம் எவ்வளவு என்று கதவைத் தட்டிப் பார்த்தாலே தெரியும்.

ஆல்ட்டோவின் பழைய 796 சிசி இன்ஜின் போடலாமே, அளவு ஒன்றுதானே என்றும் கேட்டிருந்தார்கள். அளவு ஒன்று, ஆள் வேறு. அது பன்னிரண்டு வால்வு, கம்ப்யூட்டர் வைத்துப் பெட்ரோல் தெளிப்பது. 1997 வண்டியில் இருப்பது கார்புரேட்டர். இன்ஜினோடு வயரிங், சென்சார், ஈ.சி.எம். பெட்டி, டேங்குக்குள் வேறு பம்ப் என்று பாதி ஆல்ட்டோவையே இங்கே கொண்டு வர வேண்டும். அது நடு ரோட்டில் நின்றால், மேல்மலையனூர் போகிற வழியில் உள்ள மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, மாருதியா ஆல்ட்டோவா என்று விழிப்பார். இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம். எஃப்8பியை இந்த வட்டாரத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். உதிரி பாகம் திண்டிவனத்தில் இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும். ஜப்பானிலிருந்து இறக்குகிற இன்ஜினுக்கு ஒரு கேஸ்கெட் வேண்டுமென்றால் யாரைக் கேட்பது? கொழும்பில் பஞ்சிகாவத்தை என்று பழைய உதிரி பாகக் கடைகளுக்கே ஒரு வட்டாரம் உண்டு. ஜப்பானில் ஓடிய பழைய கார்கள் அந்த ஊருக்குக் கப்பலில் வந்துகொண்டே இருந்ததால் அங்கே அந்தச் சரக்கு புழங்குகிறது. நமக்கு அந்தக் கதை இல்லை. நம் ஊரில் எது புழங்குகிறதோ அதுதான் நம் இன்ஜின்.

பேட்டரி வண்டியாக மாற்றலாம் என்று ஒரு யோசனை. அங்கீகாரம் பெற்ற கிட் போட்டால் சட்டத்தில் இடம் இருக்கிறது. இந்த வண்டிக்கு, இந்தக் குடும்பத்துக்கு, அது கட்டுபடியாகாது. அதோடு விட்டுவிடுகிறேன்.

காகித விஷயம் யாருக்கும் பிடிக்காது, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். ஆர்.சி.யில் இன்ஜின் எண் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. இன்ஜின் மாற்றினால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் திருத்த வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இந்தப் பிரிவை வைத்துக் கறாராகத் தீர்ப்புச் சொன்னது. நம் பிள்ளையின் வண்டி 1997. முதல் 15 வருடம் 2012இல் முடிந்தது. அதன்பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2017, 2022 ஆயிற்று, அடுத்தது 2027. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக ஏற்றிவிட்டார்கள். அவ்வளவு பணமும் கட்டி வண்டியை நிறுத்தும்போது, ஆய்வாளர் இன்ஜின் எண்ணைப் பார்த்து "இது வேறே" என்று சொன்னால்? விபத்து என்று ஒன்று நடந்து, இன்ஷூரன்ஸ்காரர் அதே எண்ணைப் பார்த்தால்? அப்பா ஞாபகமாக வைத்திருக்க நினைத்த வண்டி காயலான் கடைக்குப் போவதற்கு இதுவே வழியாகிவிடும். பழைய இன்ஜினையே வேலை பார்த்துப் போட்டால் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. எண் அதே எண்.

பிரித்த பிறகு பிளாக்கிலேயே விரிசல், கனெக்டிங் ராடு உடைந்து ஓட்டை, கிராங்க் இனி அரைக்கவே முடியாத நிலை என்றால் அப்போது மாற்றித்தான் ஆக வேண்டும். அதே கார்புரேட்டர் 800இன் எஃப்8பியைத் தேடுங்கள். ஆம்னியிலும் இதே எஃப்8பிதான், மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஆம்னியில் இன்ஜின் சீட்டுக்குக் கீழே நீளவாக்கில் கிடந்து பின் சக்கரத்தை ஓட்டுகிறது. 800இல் முன்னால் குறுக்கே உட்கார்ந்து முன் சக்கரத்தை ஓட்டுகிறது. அதனால் அப்படியே தூக்கி வைக்க முடியாது, வெளிப்பாகங்களைப் பழைய இன்ஜினிலிருந்து கழற்றி மாட்ட வேண்டும். தெரிந்த கையாக இருக்க வேண்டும். வாங்குகிற இடத்தில் பில், அந்த இன்ஜின் இருந்த வண்டியின் ஆர்.சி. நகல், அது முறையாக ரத்தான அத்தாட்சி மூன்றையும் கேளுங்கள். எண்ணைத் தேய்த்திருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள், அது யார் வீட்டு வாசலிலிருந்து போன வண்டியோ. முடிந்தால் அதை ஓட விட்டுப் பார்த்து வாங்குங்கள். மாட்டுவதற்கு முன், இன்ஜின் கீழே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல்கள், கிளட்ச் பிளேட் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். மாட்டிய பிறகு இவற்றில் ஒன்றை மாற்ற, பாதி கூலி மறுபடி போகும்.

இன்னொன்று. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 1997இல் செய்த ரப்பர் குழாயும் கார்புரேட்டர் வாஷர்களும் அதற்காகச் செய்தவை அல்ல. இன்ஜின் வேலை நடக்கும்போதே பெட்ரோல் குழாய்கள், கார்புரேட்டர் கிட், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் மூன்றையும் மாற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் ஒழுகல் சூடான இன்ஜின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

செலவுக் கணக்கில், "இந்த வேலைக்கு ஆகிற பணத்தில் வேறு ஒரு செகண்ட் ஹேண்ட் காரே வாங்கிவிடலாம்" என்று அவன் சித்தப்பா எழுதியிருந்தார். வாங்கலாம் ஐயா. தினம் நூறு கிலோமீட்டர் ஓட்ட வண்டி வேண்டுமென்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவன் கேட்பது அது இல்லை. மாதம் ஒருமுறை ஊருக்கு வந்தால் அம்மாவை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைக்கோ, அமாவாசைக்கு மேல்மலையனூருக்கோ போய்வர வேண்டும். செஞ்சியிலிருந்து இவை எதற்கும் மலைப்பாதை கிடையாது. 40 குதிரை தாராளம். நம் ஊரில் ஏறுவதற்கு இருப்பது செஞ்சிக் கோட்டைதான், அங்கே எஸ்டீம் இன்ஜின் போட்டவனும் வாசலில் நிறுத்திவிட்டு நடந்துதான் ஏற வேண்டும். கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைத்த பிறகு வெளியூர் ஆட்கள் நிறைய வருகிறார்கள். கல்யாண மஹாலில் இன்னும் இரண்டு மாடி கூட்டினால் உயரமாக இருக்குமே என்று அவர்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நம் பிள்ளை நேற்று இரவு போன் செய்தான். ஹெட்டைக் கழற்றச் சொல்லிவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை நானும் ஷெட்டுக்குப் போகிறேன். ஹெட்டின் மேல் ஸ்கேலை வைத்து எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அளந்து பார்த்துக் குழுவில் போடுகிறேன். அதுவரை எஸ்டீம் தம்பி கொஞ்சம் பொறுமையாக இருக்கட்டும்.